நாய்க்கு அல்ல, பிள்ளைக்குத்தான் மார்க்

போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று நியூஜெர்சியிலிருந்து. அப்படியே தருகிறேன்: "என் பையனுக்கு 9 வயசு. ஃபோர் எச்னு ஒரு கிளப், அதுல நாய்க்குப் பயிற்சி குடுக்கச் சொல்லித் தர்றாங்களாம். சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வீட்டுக்காரர், 'கணக்கு கிளாஸ், மிருதங்கம், தமிழ்ப் பள்ளி, இதுக்கு நடுவுல நாய் கிளாஸ் வேறயா'ங்கிறார். உங்க பொண்ணு அதுல இருந்தான்னு கேள்விப்பட்டேன். உண்மையில அங்க என்னதான் நடக்குது? எங்களுக்கு அது சரிப்பட்டு வருமா?"

அந்தச் சகோதரிக்குத் தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. இதே கேள்வி வேறு வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியதால் இந்த மாதப் பத்தியே அதுதான்.

மக்காச்சோளத்தில் ஆரம்பித்த கதை

முதலில் அந்தப் பெயர். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த் என்ற நான்கு 'எச்'. மூளை, மனசு, கை, உடல்நலம் என்று வைத்துக்கொள்ளலாம். பச்சை நிற நாலிலை குளோவர்தான் சின்னம், இலைக்கு ஒரு எச். 1902 ஜனவரியில் ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளைக் கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில் கூட்டினார். நல்ல விதையைத் தேர்ந்தெடுத்து மக்காச்சோளம் போடுவது, மண்ணைச் சோதிப்பது, இதெல்லாம்தான் பாடம். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த புது முறைகளைப் பெரிய விவசாயிகள் லேசில் நம்பவில்லை. பிள்ளைகள் செய்து காட்டினால் அப்பன்மார் தானாக வழிக்கு வருவார்கள் என்பது கணக்கு. அது பலித்தது. 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, பல்கலைக்கழக அறிவை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலை அரசாங்கத் திட்டமானது. நம்ம ஊரில் வேளாண் விரிவாக்க அலுவலர் வருவாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நாங்கள் இருக்கும் மினசோட்டாவில் இன்றும் ஃபோர் எச்சை நடத்துவது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவுதான்.

இன்று அதில் மாடு, பன்றி, கோழி, முயல் மட்டும் இல்லை. தையல், ரொட்டி சுடுவது, புகைப்படம், ராக்கெட், ரோபோ என்று ஏகப்பட்ட 'பிராஜெக்ட்'. பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருஷம் முழுக்கச் செய்து, கோடையில் கவுண்டி ஃபேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பண்ணை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நாய் பிராஜெக்ட் தோதானது. கொல்லையில் மாடு கட்ட முடியாது, வீட்டில் நாய் வளர்க்கலாம் இல்லையா?

இன்னொரு காரணமும் உண்டு, நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இறைச்சிக்காக வளர்க்கும் கன்றையும் பன்றியையும் காட்சி முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு வருஷம் குளிப்பாட்டி, பெயர் வைத்து வளர்த்த பிள்ளை, அதை லாரியில் ஏற்றிவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பும். இங்குள்ள விவசாயக் குடும்பங்கள் அதை ஒரு பாடமாகவே நினைக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் சைவச் சாப்பாட்டு வீட்டுப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி இருக்கும். நாய் பிராஜெக்டில் ஜீவன் பிள்ளையோடேயே வீடு திரும்பிவிடும்.

நடுவர் யாரைப் பார்க்கிறார்?

நாய்க் காட்சி என்றதும் டிவியில் பார்த்த ஞாபகம் வரும். சீவி விட்ட முடி, கோட்டு சூட்டு போட்ட ஆட்கள், வெள்ளிக் கோப்பை. ஃபோர் எச் காட்சி அப்படி இல்லை. மேலே தகரக் கூரை, கீழே மரத்தூள் இல்லாவிட்டால் புல், பக்கத்தில் எலுமிச்சைச் சாறு கடை. கலப்பு நாய் தாராளமாக வரலாம். பொதுவாக நான்கு பிரிவுகள் இருக்கும்: ஷோமேன்ஷிப், ஒபீடியன்ஸ் என்கிற கீழ்ப்படிதல், ரேலி, அஜிலிட்டி.

ஷோமேன்ஷிப்தான் எனக்குப் பிடித்தது. இதில் நாயின் அழகுக்கு மார்க்கே கிடையாது. நடுவர் பார்ப்பது பிள்ளையை. நாயை நாலு காலும் சீராக ஊன்ற நிற்க வைக்கத் தெரிகிறதா, நடுவர் சொன்னபடி நேர்கோட்டிலும், முக்கோணமாகவும், 'எல்' வடிவத்திலும் ஓட்டிக் காட்டத் தெரிகிறதா என்று பார்ப்பார். இதில் ஒரு விதி உண்டு: நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் பிள்ளை வந்துவிடக் கூடாது. நடுவர் சுற்றிச் சுற்றி வருவார், பிள்ளையும் அதற்கேற்ப நாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், நாய் பதறாமல். பரதம் ஆடும் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரும் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம்!

நகம் வெட்டியிருக்கிறதா, காது சுத்தமா, பல்லில் கறை இருக்கிறதா என்று நடுவர் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் கேள்வி கேட்பார். வளர்ந்த நாய்க்கு எத்தனை பல்? 42. சாதாரண உடல் சூடு எவ்வளவு? ஏறக்குறைய 101-இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட். அமெரிக்கன் கென்னல் கிளப் நாய் இனங்களை எத்தனை குழுவாகப் பிரிக்கிறது? ஏழு. இதயப்புழு எதனால் பரவும்? கொசுவால். பத்து வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கண்ணைப் பார்த்து, ஒரு கையில் நாயைப் பிடித்துக்கொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அம்மா அப்பா கயிற்றுக்கு வெளியேதான். சைகை காட்டக்கூட முடியாது.

கீழ்ப்படிதல் பிரிவில் நாய் இடது பக்கம் ஒட்டி நடக்க வேண்டும், நிற்கும் இரண்டு பேரைச் சுற்றி எட்டுப் போட வேண்டும், அந்நியர் தொட்டால் அசையாமல் நிற்க வேண்டும், தூரத்திலிருந்து கூப்பிட்டால் நேரே வந்து முன்னால் உட்கார வேண்டும். கடைசியில் எல்லா நாய்களையும் வரிசையாக விட்டு, ஒரு நிமிஷம் உட்கார வைப்பார்கள், மூன்று நிமிஷம் படுக்க வைப்பார்கள். மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரியும்.

பரிசு முறையையும் சொல்ல வேண்டும். நீலம், சிவப்பு, வெள்ளை என்று ரிப்பன். இது முதல், இரண்டாம், மூன்றாம் இடம் இல்லை. இந்தத் தரத்துக்குச் செய்தால் நீலம், அதற்குக் கொஞ்சம் கீழே சிவப்பு என்று கணக்கு. பத்துப் பேரும் நன்றாகச் செய்தால் பத்துப் பேருக்கும் நீலம். நீலம் வாங்கியவர்களுக்குள் ஒருவரைச் சாம்பியனாக எடுப்பதும் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். "உன் கிளாஸ்ல எத்தனை பேர் உன்னைவிட ஜாஸ்தி?" என்ற நம் வீட்டுக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

வா, இரு, நில், படு

என் மகளின் நாய்க்குப் பெயர் முறுக்கு. காப்பகத்திலிருந்து எடுத்தது, பாதி லாப்ரடார், மீதி யாருக்கும் தெரியாது. வால் சுருண்டிருப்பதால் அந்தப் பெயர். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் படும் பாடு தனிக் கதை.

முறுக்கு வந்த வருஷம் என் மாமியார் மதுரையிலிருந்து ஆறு மாதம் வந்திருந்தார். "நாய வாசலோட வச்சுக்கணும்த்தா. வீட்டுக்குள்ள என்ன வேல?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தெருநாய் துரத்தலும் வெறிநாய்க்கடி ஊசியும் பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. பேத்தியும் அப்பத்தாவும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: அடுப்படி, சாமி அறை இரண்டுக்குள்ளும் முறுக்கு கால் வைக்கக் கூடாது. கூடத்தில் இருக்கலாம்.

அந்த ஒப்பந்தம்தான் எங்கள் வீட்டுப் பயிற்சிக் களம் ஆனது. அடுப்படி நிலைப்படிக்கு வெளியே "படு... இரு" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே நிற்பாள். முதல் நாள் ஐந்து விநாடி. அடுத்த வாரம் இருபது. உடனே பிஸ்கட் துண்டு, உடனே பாராட்டு. அதட்டல் கிடையாது. எழுந்துவிட்டால் கோபிக்காமல் திரும்பக் கூட்டிவந்து அதே இடத்தில் படுக்க வைத்து, நேரத்தைக் குறைத்துக்கொள்வாள். கிளப்பில் சொல்லித்தந்தது இதுதான்: நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். ஒருநாளைக்குப் பத்து நிமிஷம் போதும், ஆனால் ஒருநாளும் விடக் கூடாது. அப்பத்தா வடை சுடும்போது மூன்று நிமிஷம் அசையாமல் கிடந்த நாய்க்கு, ஃபேர் மைதானத்து பாப்கார்ன் வாசனை ஒரு பொருட்டே இல்லை.

அப்பத்தாவுக்காகவே கட்டளைகள் தமிழில் அமைந்தன. வா, இரு, நில், படு, போ. எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள், நாய்க்குப் புரிய இதைவிட வசதி வேண்டுமா? கிளப்பை நடத்தும் அம்மையார், "எந்த மொழியானால் என்ன, நாயும் நீயும் ஒத்துக்கொண்டால் சரி" என்றார். ஒரே ஒரு சிக்கல். பக்கத்தில் ஒட்டி நடக்க "கூட வா" என்று ஆரம்பித்தாள். முறுக்கு அதிலிருக்கும் "வா"வைக் கேட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு கட்டளைகள் காதுக்கு ஒன்றுபோல் இருக்கக் கூடாது என்று அந்த அம்மையார் விளக்கினார். அதிலிருந்து "கூட வா" போய் "பக்கம்" வந்தது. தமிழ்ப் பள்ளியில் கட்டாயப்படுத்தியும் வாய் திறக்காத இரண்டு அமெரிக்கப் பிள்ளைகள், கிளப்பில் முறுக்கைக் கொஞ்சுவதற்காக "இங்க வா, முறுக்கு" என்று சுத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்! அவர்களில் ஒருத்தி பாதித் தமிழ்க்காரி.

நம் வீட்டில் மட்டும் இருக்கும் ஆபத்துகள்

நாய் பிராஜெக்டில் பயிற்சி பாதிதான். மீதி பாதி பராமரிப்பு, அதற்குப் படிப்பு உண்டு. இதில் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: நாம் அன்போடு போடும் மிச்சச் சாப்பாடு.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். சாம்பார் சாதம், குருமா, தக்காளித் தொக்கு எதுவும் ஆகாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். அப்படியென்றால் பாயசம், கேசரி, பொங்கல் மூன்றும் தள்ளி வைக்க வேண்டியவை. சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங் கத்தில் சேர்க்கும் சைலிடால் மிகக் கெடுதல். என் மகள் இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள், அப்பத்தா படிப்பதற்காக. "ஊர்ல இதத்தான தின்னுக்கிட்டுத் திரியுது" என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் அதற்குப் பிறகு முறுக்குக்கென்று உப்பும் வெங்காயமும் இல்லாத ஒரு கரண்டி வெறும் சோறு தனியாக எடுத்துவைத்தவரும் அவர்தான்.

இன்னொன்று கோடை வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அங்கே நாயை நடத்தக் கூடாது. ஃபேர் நடப்பது ஜூலை, ஆகஸ்டில் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

நாய் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பலருக்கு நாயைக் கண்டால் பயம். நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது என் மகள் முறுக்கைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு இதைச் சொல்லித்தருவாள்: முதலில் நாய்க்காரரிடம் அனுமதி கேள். கண்ணை உற்றுப் பார்க்காதே. நேரே குனிந்து கட்டிக்கொள்ளாதே. பக்கவாட்டில் நில், அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். அவிழ்ந்த நாய் ஓடிவந்தால் ஓடாதே, கத்தாதே. கையைக் கோத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, மரம் மாதிரி நில். பயந்த பிள்ளையைப் பார்த்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. "பயமா இருந்தா தொட வேண்டாம்" என்பாள்.

ஒரு வருஷம் கண்காட்சி அட்டைக்கு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் பக்கத்து நாய்களைப் பற்றிச் செய்தாள். 2005-இல் இந்தியத் தபால்துறை வெளியிட்ட நாய் வரிசையில் ராஜபாளையத்துக்கு ஒரு தபால்தலை உண்டு. அதன் படத்தையும் ஒட்டினாள். முயலைத் துரத்தும் சிப்பிப்பாறையைப் பற்றி அப்பத்தா போனில் ஒரு மணி நேரம் சொன்னார். நாய் வேண்டாம் என்றவருக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

ரிப்பன் கிடைக்காத மதியம்

இனி அந்தச் சகோதரியின் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. இதனால் என்ன கிடைக்கும்? ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

மகளுக்கு அப்போது 14 வயது. அந்த வருஷம் அஜிலிட்டிக்காகவே உழைத்தாள். தாண்டும் கம்பம், சுரங்கக் குழாய், வரிசையாக நட்ட கழிகளுக்கு நடுவே வளைந்து ஓடுவது, நாயும் பிள்ளையும் சேர்ந்தே ஓட வேண்டிய விளையாட்டு. மாநிலக் காட்சிக்கு அந்தப் பிரிவில் போக வேண்டும் என்று ஆசை. காலையில் ஷோமேன்ஷிப், கீழ்ப்படிதல் இரண்டும் நல்லபடி முடிந்தன. அஜிலிட்டி மதியம் மூன்று மணிக்கு.

சாப்பிட்ட பிறகு நிழலில் முறுக்கை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தது. திரும்ப எழுப்பி, திரும்ப உட்கார வைத்தாள். "அம்மா, பின்னங்கால ஒதுக்கி வச்சு உக்காருது பாரு" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் நடத்திப் பார்த்தார், நொண்டவில்லை. கிளப் அம்மையாரைக் கூட்டிவந்தோம். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியவில்லை. ஆனால் தினமும் பார்ப்பவள் நீ" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கணவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வருஷம் உழைச்சிருக்கம்மா. மொத்தமே ஒரு நிமிஷ ஓட்டம். நல்லாத்தானே நடக்குது?" என்றார். அவர் சொன்னது தப்பும் இல்லை. நல்லாத்தான் நடந்தது.

மகள் கொஞ்ச நேரம் முறுக்கின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பதிவு மேசையில் தன் பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டு வந்தாள். "அதுக்கு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதுல்லப்பா. நான் ஓடுன்னா ஓடிரும்" என்றாள். அவ்வளவுதான். மூன்று மணிக்கு மற்றப் பிள்ளைகள் ஓடியபோது கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினாள். காரில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

அடுத்த வாரம் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, முழங்காலில் லேசான வீக்கம், சில வாரம் குதிக்க விடாதீர்கள் என்றார். அன்றைக்கு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவர் கேட்டார். "ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம்" என்றார் மருத்துவர். அவள் செய்தது சரிதான் என்று சான்றிதழ் தர அங்கே யாரும் இல்லை. மாநிலக் காட்சி வாய்ப்பு அந்த வருஷம் போனது போனதுதான். வருஷக் கடைசியில் எழுதித் தர வேண்டிய பதிவேட்டில், தீனிச் செலவு, ஊசிச் செலவு, பயிற்சி மணிகள் எல்லாவற்றுக்கும் கீழே அஜிலிட்டி என்ற இடத்தில் "ஓடவில்லை, கால்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நம் பிள்ளைகளுக்குப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்பெல்லிங், கணக்கு, செஸ், திருக்குறள் ஒப்பித்தல் எல்லாம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதிலெல்லாம் பிள்ளை ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவள் பாடு. இங்கே கயிற்றின் மறுமுனையில் இன்னோர் உயிர் இருக்கிறது. அது நம் சொல்லை நம்பி ஓடும். அதன் உடம்பையும் மனசையும் பார்த்து, தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். இதை எந்த கிளாஸில் சேர்த்தால் கற்றுக்கொள்வார்கள்?

கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாமா என்றால், எழுதலாம், எழுதுகிறார்கள். ஆனால் அதற்காக மட்டும் சேர்த்தீர்கள் என்றால் நாய்க்கு முதலில் தெரிந்துவிடும்.

சேர்ப்பதற்கு முன்னால்

அந்தச் சகோதரிக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயங்கள்.

நாய் வாங்குவதில் ஆரம்பிக்காதீர்கள். கோடையில் உங்கள் கவுண்டி ஃபேரில் நாய் காட்சி எந்த நாள் என்று விசாரித்து, பிள்ளையோடு போய் முழுதாக ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வெயில், காத்திருப்பு, அள்ளிப்போடும் வேலை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பிள்ளை கேட்டால் மேலே யோசிக்கலாம். சில இடங்களில் சொந்தக்காரர், அண்டை வீட்டார் நாயை வைத்துச் செய்யவும் அனுமதி உண்டு. உள்ளூர் அலுவலகத்தில் கேளுங்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்குப் போட்டி இல்லாத தனிப் பிரிவு உண்டு. எங்கள் மாநிலத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் போட்டி. பயிற்சி வசந்த காலத்தில் தொடங்கும், பதிவு அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடலாம், தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஆகவே குளிர்காலத்திலேயே விசாரித்து வைப்பது நல்லது.

கனடாவிலும் ஃபோர் எச் உண்டு, 1913-இல் மனிடோபாவின் ரோலண்ட் என்ற ஊரில் தொடங்கியது. பிரிட்டனில் இருப்பவர்கள் கென்னல் கிளப்பின் இளையோர் பிரிவான யங் கென்னல் கிளப்பைப் பார்க்கலாம், 6 வயதிலிருந்து 24 வரை சேரலாம். பர்மிங்ஹாமில் நடக்கும் கிரஃப்ட்ஸ் காட்சியில் அந்தப் பிள்ளைகளுக்கென்றே களம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒன்பது வயதில் பிள்ளை கேட்டு வாங்கிய நாய், பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் உயிரோடு இருக்கும். இருக்க வேண்டும் என்றுதானே வேண்டிக்கொள்கிறோம்? பிராஜெக்ட் முடியும், நாய் முடியாது. அதனால் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொண்ட பிறகே எடுங்கள். என் மகள் போன ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். போகும் முன்னால் மாத்திரை நாள், நகம் வெட்டும் நாள், முழங்காலில் எங்கே தடவிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். முறுக்குக்கு இப்போது பதினொன்று நடக்கிறது, மூஞ்சி நரைத்துவிட்டது. ஜனவரிப் பனியில் காலை ஆறு மணிக்கு அதைக் கூட்டிக்கொண்டு போவது என் கணவர்தான். அடுப்படி நிலைப்படியில் யாரும் சொல்லாமலேயே இன்னமும் நின்றுவிடுகிறது.

நியூஜெர்சி சகோதரியின் பையன் என்ன முடிவு எடுத்தான் என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் தமிழில்.